கோப்பை யாருக்கு? கூடைப்பந்து அக்காக்கள் ரெடி!



கிரிக்கெட் சீசன் வந்து விட்டால், 'இந்த முறை யார் ஜெயிப்பாங்க?' என்று வீட்டில் அப்பாவோடும், பள்ளியில் நண்பர்களோடும் ஒரே சண்டைதானே? அதே மாதிரி ஒரு கணிப்பை இந்த வாரம் கூடைப்பந்துக்குச் செய்யப் போகிறோம். அதுவும் கல்லூரி அக்காக்கள் அணிக்கு!

இடம்: முத்து நகரமான தூத்துக்குடி. இங்கே 1948-ல் தொடங்கிய தூய மரியன்னை கல்லூரி, ஏ.பி.சி. மகாலட்சுமி கல்லூரி என்று பெண்களுக்கான கல்லூரிகள் உண்டு. இதில் நான் எந்த அணியின் ரசிகன் என்று மட்டும் கேட்காதீங்க. சொன்னால், மற்ற கல்லூரி அக்காக்கள் எனக்கு மக்ரூன் தர மாட்டார்கள்!

முதலில், அக்காக்கள் போக வேண்டிய பாதையைப் பார்ப்போம். தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களின் கல்லூரிகள், 1990-ல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. இந்தக் கல்லூரிகள் முதலில் தங்களுக்குள் மோதும். அதில் நன்றாக ஆடியவர்களைப் பொறுக்கி எடுத்து, பல்கலைக்கழக அணி அமைப்பார்கள். அந்த அணி தென் மண்டலப் போட்டிக்குப் போகும். அங்கேயும் ஜெயித்தால், அகில இந்தியப் போட்டி! பார்த்தீங்களா, எவ்வளவு பெரிய ஏணி!

முத்து எடுக்கும் முன்...

சரி, ஓர் அணி எப்படி ஆடும் என்று சீசனுக்கு முன்பே எப்படிச் சொல்வது? இதற்கு நம் ஊர்க் கடலே ஒரு வழி சொல்லித் தருகிறது.

அந்தக் காலத்தில் முத்துக்குளிப்பு எல்லா வருடமும் நடக்காது. கடலுக்கு அடியில் சிப்பிகள் வளரும் பாறைப் பகுதிகளுக்குப் 'பார்' என்று பெயர். சீசனுக்கு முன்பு அரசு அதிகாரிகள் படகில் போய், ஆட்களை மூழ்கச் செய்து, கொஞ்சம் சிப்பிகளை மட்டும் மாதிரிக்கு எடுத்து வரச் சொல்வார்கள். அவற்றைத் திறந்து, எத்தனை முத்து, என்ன விலை போகும் என்று கணக்குப் போடுவார்கள். கணக்கு சரியாக வந்தால்தான் 'இந்த வருடம் முத்துக்குளிப்பு உண்டு' என்று அறிவிப்பு வரும். இல்லாவிட்டால், சிப்பிகளை அப்படியே வளர விட்டு விடுவார்கள். இப்படித் தூத்துக்குடியில் நடந்த கடைசி முத்துக்குளிப்பு 1961-ல்.

கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது குட்டீஸ். மூழ்கி, எடுத்து, எண்ணிப் பார்க்க வேண்டும். அணியைக் கணிப்பதும் அப்படித்தான்!

மக்ரூன் போன கதை!

இது தெரியாமல், போன முறை நான் ஏமாந்தேன். எங்கள் அணியில் ரொம்ப உயரமான ஓர் அக்கா இருந்தார். கூடையின் வளையம் தரையிலிருந்து 10 அடி உயரம். உயரமான ஆள் இருந்தால் கவலை எதற்கு? 'கோப்பை நமக்குத்தான்' என்று நண்பரிடம் ஒரு பெட்டி மக்ரூன் பந்தயம் கட்டினேன்.

என்ன ஆச்சு தெரியுமா? அரையிறுதியில் 3-வது கால் பகுதியிலேயே அந்த அக்கா 5 பவுல் செய்து விட்டார். 5 பவுல் ஆனால் வெளியே போக வேண்டியதுதான்! அதோடு, எங்கள் அணிக்குக் கிடைத்த 16 ப்ரீ த்ரோக்களில் 7 மட்டுமே விழுந்தன. 9 வீண்! தோற்றதோ வெறும் 4 புள்ளியில்.

மக்ரூனும் போச்சு, மானமும் போச்சு!

இந்த முறை உஷாராகி விட்டேன். ஒரு நோட்டும் பென்சிலுமாகப் பயிற்சி பார்க்கக் கிளம்பினேன். நான் பார்த்தது இவைதான்:

1. போனது யார், வந்தது யார்?

கல்லூரிப் படிப்பு 3 வருடம். அதனால், கல்லூரி அணியில் வருடா வருடம் சிலர் படிப்பு முடிந்து போய் விடுவார்கள். இந்த முறை 12 பேரில் 4 பேர் போய் விட்டார்கள். அந்த உயரமான அக்காவும் அதில் ஒருவர். அவர் இடத்துக்கு வந்திருப்பவர் உயரம் குறைவு. ஆனால், குதித்துப் பந்தைப் பிடிப்பதில் படு கில்லாடி!

2. ப்ரீ த்ரோ விழுகிறதா?

யாரும் தடுக்காமல் நின்று போடும் பந்துதான் ப்ரீ த்ரோ. ஒன்று விழுந்தால் 1 புள்ளி. 5 அக்காக்கள் ஆளுக்கு 20 முறை போட்டார்கள். மொத்தம் 100. ஒரு நாள் மாலையில் எண்ணினேன், 51 விழுந்தன. அடுத்த வாரம் காலையில் எண்ணினேன், 63! 'ஆகா, ஒரே வாரத்தில் இவ்வளவு முன்னேற்றமா?' என்று துள்ளினேன்.

கொஞ்சம் பொறுங்க! ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே கச்சான் காற்று சுழற்றி அடிக்கும். திறந்தவெளி மைதானத்தில் பந்து காற்றில் விலகிப் போகும். காலையில் காற்று குறைவு. அப்படியானால், முன்னேறியது அக்காக்களா? அல்லது காற்று நின்றதால் வந்த வித்தியாசமா?

இதைக் கண்டுபிடிக்க என்ன செய்யலாம்? யோசிங்க...

மறுபடியும் மாலையில், அதே காற்றில் எண்ண வேண்டும்! எண்ணினேன், 58 விழுந்தன. முன்பு 51, இப்போது 58. ஆக, முன்னேற்றம் உண்மைதான். ஆனால், காலைக் கணக்கைப் பார்த்து நான் நினைத்த அளவு இல்லை.

3. பெஞ்சில் இருப்பது யார்?

களத்தில் ஆடுவது 5 பேர்தான். ஆனால், ஒரு ஆட்டம் 10 நிமிடம் வீதம் 4 கால் பகுதிகள். பந்து கைக்கு வந்தால் 24 நொடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். மூச்சு வாங்கும்! அதனால், வெளியே உட்கார்ந்திருக்கும் 7 பேரும் முக்கியம். இந்த முறை அவர்களில் 3 பேர் நன்றாகவே ஆடுகிறார்கள்.

4. வானம் என்ன சொல்கிறது?

அக்டோபர் வந்தால் வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பரில் நம் மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது நினைவிருக்கிறதா? சிமென்ட் தரையில் தண்ணீர் நின்றால் பயிற்சி அம்போ! அதனால், மழைக்கு முன் எத்தனை நாள் பயிற்சி நடக்கிறது என்பதையும் நோட்டில் குறித்துக் கொண்டேன்.

'ஓடாதே' என்றார்கள்!

நடுவில் ஒரு குட்டி வரலாறு. 1891 டிசம்பரில், அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், பழக்கூடைகளை மேலே ஆணி அடித்து மாட்டி இந்த விளையாட்டை உருவாக்கினார். 1893-லேயே சென்டா பெரன்சன் என்ற ஆசிரியை, ஸ்மித் கல்லூரிப் பெண்களை ஆட வைத்து விட்டார். ஆண்கள் பார்க்க அனுமதி கிடையாது! பெண்கள் நிறைய ஓடினால் உடம்புக்கு ஆகாது என்று அப்போது நினைத்தார்கள். அதனால், மைதானத்தை 3 பகுதிகளாகப் பிரித்து, தன் பகுதியை விட்டு யாரும் நகரக் கூடாது என்று பெண்களுக்குத் தனி விதி வந்தது. ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து நுழைந்தது 1976-ல்தான்.

நம் தமிழ்நாட்டு அனிதா பால்துரையைப் பாருங்க. 1985-ல் சென்னையில் பிறந்தவர். 19 வயதிலேயே இந்திய அணிக்குக் கேப்டன்! திருமணம் ஆகி, குழந்தை பிறந்த பிறகும் திரும்பி வந்து ஆடினார். 2017-ல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை 'பி' பிரிவில் இந்தியா பட்டம் வென்றபோது அவரும் அணியில் இருந்தார். 2021-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 'ஓடாதே' என்ற பேச்செல்லாம் எங்கே போச்சு பார்த்தீங்களா?

நோட்டில் எழுத முடியாத ஒன்று...

நான் எண்ணாமல் விட்ட ஒரு விஷயமும் இருக்கிறது. கடற்கரை ஊரிலிருந்து முதல் வருடம் சேர்ந்த ஓர் அக்கா, பந்தைத் தட்டிக் கொண்டே எதிரணியை ஏமாற்றிப் போவதில் சூரப்புலி. ஆனால், 3-வது நாளே பயிற்சிக்கு வரவில்லை. பயிற்சி முடிந்து பஸ் பிடித்தால் ஊர் போய்ச் சேர இருட்டி விடுகிறது. 'படிச்சாப் போதும்' என்று அவருடைய அப்பா சொல்லி விட்டார்.

அணித் தலைவி அக்காவும், உடற்கல்வி மேடமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஊருக்குப் போனார்கள். ஞாயிறு என்றால் அவர் கடலுக்குப் போக மாட்டார், வீட்டில் இருப்பார். அவர் கோபப்படவே இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

''எங்க தாத்தா முத்துக் குளிச்சவரு. மச்சான் கயிறு பிடிச்சாத்தான் தண்ணிக்குள்ள இறங்குவாரு. எம் புள்ளைக்கு யாரு கயிறு பிடிப்பா?''

மூழ்கியவர் கயிற்றை அசைத்ததும், படகில் இருப்பவர் உடனே மேலே இழுக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் ஆபத்து. அதனால்தான் நம்பிக்கையான மைத்துனரைக் கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று இந்தக் கரையில் சொல்வது உண்டு.

''நான் பிடிக்கிறேன் அண்ணாச்சி'' என்றார் மேடம்.

இப்போது பயிற்சியைக் காலையில் மாற்றி விட்டார்கள். அந்த அக்கா முதல் பஸ்ஸில் வந்து விடுகிறார். போட்டி நாளில் இருட்டி விட்டால், மேடமே கூடப் போய் வீட்டில் விட்டு வருவதாக ஏற்பாடு. ஒருவருக்காக அணி முழுவதும் விடியற்காலையில் எழுந்து வருகிறது!

என் கணிப்பு இதோ!

அரையிறுதி நிச்சயம். மாலைக் காற்றிலும் 100-க்கு 65 ப்ரீ த்ரோ விழ ஆரம்பித்து, மழையும் கொஞ்சம் பொறுத்துக் கொண்டால், இறுதி ஆட்டம். கோப்பை? அந்த அக்கா கடைசி வரை அணியில் இருந்தால் கிடைக்க வாய்ப்பு உண்டு. மக்ரூன் பந்தயம் மட்டும் இந்த முறை கிடையாது!

குட்டீஸ், நீங்களும் உங்கள் ஊர் அணிக்கு இப்படிக் கணித்துப் பாருங்க. நோட்டில் தேதி போட்டு எழுதுங்க. சீசன் முடிந்ததும், எது சரி, எது தப்பு என்று எடுத்துப் பாருங்க. தப்பானால் அழித்து விடக் கூடாது. ஏன் தப்பானது என்று பக்கத்தில் எழுதணும். ஓகேவா?

இன்னொரு விஷயம். அக்காக்கள் ஆடும் ஆட்டத்தில், பார்க்கும் இடம் பாதி காலியாகத்தான் கிடக்கிறது. அப்பா, அம்மாவைக் கூட்டிக் கொண்டு ஒரு நாள் போய்க் கை தட்டிட்டு வாங்க. அந்தக் கடற்கரை ஊர் அப்பாவும் முதல் ஆட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் பக்கத்தில் எனக்கு ஓர் இடம் பிடித்து வைங்க!