பிரசவத்துக்கு முன்பே சொல்ல வேண்டிய தூக்கப் பாடம்

புது தில்லி: நாட்டில் சிசு மரண விகிதம் குறைந்து வருகிறது. மாதிரிப் பதிவுத் திட்டக் கணக்கின்படி, 2013-இல் உயிருடன் பிறந்த ஒவ்வொரு 1,000 குழந்தைகளிலும் 40 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. 2023-இல் அந்த எண்ணிக்கை 25. ஆனால், இந்த இறப்புகளில் பெரும்பகுதி முதல் 28 நாள்களுக்குள்ளேயே நிகழ்கிறது. 2021-இல் சிசு மரண விகிதம் 27. அதில் 19 பச்சிளம் குழந்தைகளின் மரணங்கள்.

அந்த 28 நாள்களில் குழந்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 மணி நேரம் தூங்குகிறது. அது எங்கே, எதன் மீது, எப்படிப் படுக்கவைக்கப்படுகிறது என்பதைத் தீர்மானிப்பது மருத்துவமனை அல்ல, வீடு. அந்த வீட்டுக்கு இதை யார், எப்போது சொல்வது என்பதுதான் கேள்வி.

மூன்றாம் நாள் தாமதம்

2011-இல் தொடங்கிய வீட்டுவழிப் பச்சிளம் குழந்தை பராமரிப்புத் திட்டத்தின்படி, மருத்துவமனையில் பிரசவித்த தாயை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாள்களில் ஆஷா பணியாளர் வீடு தேடிச் சென்று பார்க்க வேண்டும். எடை, உடல் வெப்பம், தாய்ப்பால் குடிக்கும் விதம் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சுற்று முழுவதற்கும் அவருக்குக் கிடைப்பது ரூ.250 ஊக்கத்தொகை.

நல்ல திட்டம். ஆனால், அவர் வரும் மூன்றாம் நாளுக்குள் வீட்டு வழக்கம் நிலைபெற்றுவிடுகிறது. வட மாநிலங்களில் தலை உருண்டையாக வரும் என்று கடுகுத் தலையணை வைக்கிறார்கள். குளிர்காலத்தில் கனத்த பஞ்சு ரஜாயால் முகம் வரை மூடுகிறார்கள். மூடிய அறையில் கரி அங்கீட்டி புகைகிறது. மாமியார் செய்ததை மாற்றும் அதிகாரம் புதிய தாய்க்கு இல்லை.

கர்ப்ப காலமே இதற்கு உரிய காலம். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி நடைபெறும் பிரதமரின் பாதுகாப்பான தாய்மை இயக்கம் 2016 முதல் உள்ளது. எனினும், 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, பிரசவங்களில் 88.6 சதவீதம் மருத்துவமனைகளில் நிகழ்ந்தபோதிலும், குறைந்தது 4 முறை கர்ப்ப காலப் பரிசோதனை பெற்ற தாய்மார்கள் 58.1 சதவீதத்தினரே.

வழிகாட்டிய கிராமங்கள்

கர்ப்பிணியிடமும் குடும்பத்தாரிடமும் பேசினால் பலன் உண்டா? உண்டு என்பதற்கு இந்தியாவிலேயே சான்று இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் மருத்துவத் தம்பதியர் 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி அளித்து வீட்டிலேயே பராமரிப்பு வழங்கினர். பச்சிளம் குழந்தை மரணம் 62 சதவீதம் குறைந்ததாக 1999-இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. பின்னாளில் தேசியத் திட்டத்துக்கு முன்மாதிரி ஆனது இதுவே.

உத்தரப் பிரதேசத்தின் சிவ்கரில் நடந்த ஆய்வில், பிரசவத்துக்கு முன்பே வீடு தேடிச் சென்று மாமியார் உள்ளிட்டோரிடமும் பேசினர். குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்துக் கதகதப்பாக வைத்திருக்கக் கற்பித்தனர். அங்கு மரணம் 54 சதவீதம் குறைந்ததென 2008-இல் அதே இதழில் முடிவுகள் வெளியாயின.

என்ன சொல்வது?

சொல்ல வேண்டியது சிறிதளவே. குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். அமெரிக்காவில் 1994-இல் இதற்கென இயக்கம் தொடங்கிய பின், தூக்கத்தில் நேரும் திடீர் சிசு மரணங்கள் ஏறத்தாழப் பாதியாயின. படுக்கை சமமாக, அமுங்காததாக இருக்க வேண்டும். தலையணை வேண்டாம், முகத்தை மூட வேண்டாம்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் ஒரே அறை, தனிப் படுக்கை என்கிறது. ஓர் அறை வீட்டில், தாயருகே குழந்தை உறங்கும் நாட்டில் அதை அப்படியே ஒப்பிப்பது பயன் தராது. புகைப்பவரும் குடித்தவரும் அருகில் படுக்கக் கூடாது, தொய்ந்த கயிற்றுக் கட்டில் ஆகாது என்று சொல்வது பயன் தரும்.

இன்னொன்றும் முக்கியம். நாட்டில் பிறக்கும் குழந்தைகளில் சுமார் 18 சதவீதம் எடை குறைந்தவை. இவை பசித்தும் விழிக்காமல் தூங்கக் கூடும். 2, 3 மணிக்கு ஒரு முறை எழுப்பிப் பாலூட்ட வேண்டும். எழுப்பியும் எழாமல், பால் குடிக்காமல், தொட்டால் குளிர்ந்திருந்தால் அது நல்ல தூக்கம் அல்ல. மருத்துவமனைக்கு விரைய வேண்டிய அறிகுறி.

உழைக்கும் தாய்

தூக்கம் தாயின் வேலையோடும் பிணைந்தது. பம்பாய் ஆலைகளில் வேலை பார்த்த பெண்கள், குழந்தை உறங்கிக் கிடக்க 'பாலா கோலி' என்ற அபின் மாத்திரையைக் கொடுத்துச் சென்றது வரலாறு. 2017-இல் சட்டத் திருத்தம் மகப்பேறு விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியது. அமைப்புசாராத் தொழிலில் உள்ள பெரும்பான்மைப் பெண்களுக்கு அது எட்டவில்லை. அவர்கள் வேலைக்குத் திரும்பும்போது, குழந்தையின் தூக்கத்தைக் காப்பது பெரும்பாலும் மூத்த அக்காவோ பாட்டியோதான். எனவே பாடம் அவர்களுக்கும் உரியது.

வீட்டில் இறக்கும் குழந்தைக்குப் பிரேதப் பரிசோதனை அரிது. உறவினரிடம் கேட்டறிந்தே காரணம் பதிவாகிறது. ஆகவே தூக்கத்தில் நேர்ந்த இழப்புகள் கணக்கில் தெளிவாகத் தெரிவதில்லை. நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போது கிடைக்கும் பதிலும் மொத்த எண்களோடு நின்றுவிடுகிறது.

2030-க்குள் பச்சிளம் குழந்தை மரண விகிதத்தை ஒற்றை இலக்கத்துக்குக் குறைப்பது 2014-இல் மத்திய அரசு வெளியிட்ட செயல்திட்டத்தின் இலக்கு. அதற்கு மருத்துவமனைக் கருவிகள் மட்டும் போதா. 9-ஆம் தேதி முகாமில் கர்ப்பிணியோடு மாமியாரையும் அமரவைத்துக் கால் மணி நேரம் பேசப் புதிய சட்டமோ பெரும் நிதியோ தேவையில்லை. பேசும் ஆஷா பணியாளரின் நேரத்துக்கு உரிய ஊதியம் தேவை. அதைத் தர வேண்டியது அரசு.