அபு ஆளானான், துர்கா?

ஒரு சிறுவன் வளர்ந்து மனிதனாகும் கதை என்று போற்றப்படும் 'பதேர் பாஞ்சாலி'யில், வளர முடியாமல் போனவர்கள் எல்லோரும் பெண்கள்.

வெளியே புயல். ஜன்னலில் கட்டிய துணி காற்றில் விம்முகிறது. கதவு திறந்துகொள்ளாமல் இருக்கத் தாய் சர்வஜயா பெட்டியை இழுத்து முட்டுக்கொடுக்கிறாள். காய்ச்சலில் கிடக்கும் மகள் துர்கா, விடிவதற்குள் போய்விடுகிறாள். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யை (1955) ஒரே ஒருமுறை பார்த்தவர்களுக்கும் மறக்காத இரவு இது. பிறகு ஊர் திரும்பும் தந்தை ஹரிஹர், விஷயம் தெரியாமல் மகளுக்கென வாங்கிவந்த சேலையை எடுத்து நீட்டுகிறார். சர்வஜயா கதறுகிறாள். ஆனால் அவள் குரல் கேட்பதில்லை. அந்த இடத்தில் ராய் ஒலிக்கவிட்டது தார்ஷெனாயின் ஓலத்தை.

படத்துக்கு ஆதாரம் விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் நாவல். 'பிசித்ரா' பத்திரிகையில் தொடராக வந்து 1929ல் புத்தகமானது. 'நாகம்மாள்' எழுதிய ஆர். சண்முகசுந்தரம் இதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். நிஷ்சிந்திபூர் என்ற வங்கக் கிராமத்தில் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறக்கும் அபு, உலகத்தைக் கண்டுகொள்ளும் கதை. அடுத்த நாவலான 'அபராஜிதோ'வில் (1932) அவன் கல்கத்தா போகிறான், படிக்கிறான், எழுத்தாளனாகிறான்.

கதையை அபுவின் பக்கமிருந்து அல்லாமல் அவன் வீட்டுப் பெண்களின் பக்கமிருந்து படித்தால் வேறொரு கணக்கு தெரியவரும். அபு ஏறும் படிகளில் எல்லாம் ஒரு பெண்ணின் சாவு இருக்கிறது. முதலில் அத்தை, பிறகு அக்கா, பிறகு அம்மா, கடைசியில் மனைவி. முறையே மூப்பு, காய்ச்சல், துணையற்ற நோய், பிரசவம். தந்தை ஹரிஹரும் காசியில் நோயில்தான் இறக்கிறார். ஆனால் அவர் ஊர் ஊராகச் சுற்றியவர், நூல் எழுதவேண்டும் என்று கனவு கண்டவர். பெண்களுக்கு அந்த வெளி கிடைக்கவில்லை.

நோட்டுப் புத்தகக் கணவன்

நாவல் அபுவில் தொடங்கவில்லை, ஒரு கிழவியில் தொடங்குகிறது. இந்திர் டாக்ருணுக்கு வயது 75. ஹரிஹருக்குத் தூரத்து உறவில் அக்கா. குலீனப் பிராமணர் ஒருவருக்குக் கட்டிவைக்கப்பட்டவள். குலப் பெருமைக்காகப் பல பெண்களை மணந்து, மனைவியரை அவரவர் பிறந்த வீட்டிலேயே விட்டுவைப்பது அந்தக் காலக் குலீனர்களின் வழக்கம். இந்திரின் கணவனும் எப்போதாவது வருவான். தனக்குச் சேரவேண்டிய பணத்தை வாங்கிக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு, அடுத்த மாமனார் வீட்டைப் பார்க்கப் புறப்படுவான்.

நாவலின் முதல் பகுதிக்குப் பெயர் 'பல்லாலி பாலாய்'. பல்லாலன் வைத்துப்போன பீடை என்று அர்த்தம் கொள்ளலாம். குலீன முறையை ஏற்படுத்தியதாக வங்கத்தில் நம்பப்படும் அரசன் பல்லால சேனன். அந்த முறையை எதிர்த்து ஈஸ்வர சந்திர வித்யாசாகர் 1871லும் 1873லும் புத்தகங்கள் எழுதினார். சட்டம் வரவில்லை. மிஞ்சியவர்கள் இந்திரைப் போன்ற கிழவிகள்.

அவளைச் சர்வஜயா விரட்டுகிறாள். சர்வஜயா கொடியவள் அல்ல. இருக்கும் அரிசிக்கு ஒரு வாய் அதிகம், அவ்வளவுதான். கிழவிக்கு வேண்டியவள் துர்கா மட்டுமே. இந்திருக்கு முன்பு ஒரு மகள் இருந்து இறந்திருந்தாள். அவள்தான் துர்காவாக வந்திருக்கிறாள் என்பது கிழவியின் எண்ணம். கடைசியில் இந்திர் போக்கிடமில்லாமல் சாகிறாள்.

சர்வஜயாவின் முடிவும் அதற்கு வெகுதூரத்தில் இல்லை. மகன் கல்கத்தாவில் படிக்க, அவள் கிராமத்தில் தனியாக நோயில் விழுகிறாள். அம்மா இறந்த செய்தி கேட்டதும் அபுவின் மனதில் முதலில் எழுவது துக்கம் அல்ல, கட்டு அறுந்த ஒரு நிம்மதி. இந்திய நாவல்களில் இவ்வளவு துணிச்சலான இடங்கள் குறைவு. ராயை 'அபராஜிதோ' (1956) எடுக்கத் தூண்டியவற்றில் இந்த இடமும் ஒன்று.

காட்டில் திரியும் அக்கா

துர்கா முதலில் கதையிலேயே இல்லையாம். பாகல்பூரில் எஸ்டேட் வேலையில் இருந்தபோது நாவலின் முதல் பிரதியை எழுதிய விபூதிபூஷண், தலைமுடி காற்றில் பறக்க நின்ற ஒரு கிராமத்துச் சிறுமியைப் பார்த்தாராம். அவள் இல்லாமல் கதை முழுமையாகாது என்று தோன்ற, மீண்டும் எழுதினார் என்பது அவர் சொன்னதாக இன்றும் பேசப்படும் செய்தி.

அபு பள்ளிக்கூடம் போகிறான். துர்கா போகவில்லை. நல்லது கெட்டது எல்லாம் முதலில் தம்பிக்கு. அவளுக்குக் கிடைப்பது தோப்பும் காடும், திருடிய பழத்துக்காக அம்மா கொடுக்கும் அடியும். நோன்பு நோற்கிறாள், கல்யாணக் கனவு காண்கிறாள். ஆனால் தம்பிக்கு உலகத்தைக் காட்டிக்கொடுக்கும் முதல் ஆசிரியை அவள்தான். எந்தப் புதரில் என்ன காய்க்கும் என்பது முதல், மாங்காயை யாருக்கும் தெரியாமல் எப்படித் தின்பது என்பது வரை.

படத்தில் அக்காவும் தம்பியும் நாணல் பூத்த வெளியில் ஓடி ரயிலைப் பார்க்கிறார்கள். நாவலில் துர்கா ரயிலைப் பார்ப்பதே இல்லை. படுக்கையில் கிடந்தபடி தம்பியிடம் அவள் கேட்பது அதைத்தான்: ஒருநாள் ரயில் காட்டுவாயா என்று.

ரயிலும் காய்ச்சலும்

படத்தில் துர்கா மழையில் நனைந்து காய்ச்சலில் விழுகிறாள். நாவலில் வரும் டாக்டர் நோயின் பெயரைச் சொல்கிறார்: மலேரியா. வங்கத்துக்கு அது அன்றாட எமன். 1860களில் பரவத் தொடங்கிய 'பர்த்வான் காய்ச்சல்' கிராமங்களையே காலி செய்தது. கொசுவே மலேரியாவைச் சுமக்கிறது என்று ரொனால்டு ராஸ் 1897ல் செகந்தராபாத்தில் கண்டறிந்தார். மறுஆண்டு கல்கத்தாவில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். வங்கத் தபால் நிலையங்களில் 1892 முதலே குயினைன் பொட்டலங்கள் விற்கப்பட்டன. மருந்து இருந்தது, அறிவும் இருந்தது. துர்காவின் வீட்டுக்கு இரண்டும் நேரத்தில் வந்துசேரவில்லை.

இன்னொரு விஷயம் நாவலில் இல்லாதது, சரித்திரத்தில் இருப்பது. ரயில் பாதைக்கும் சாலைக்கும் போட்ட மேடுகள் வெள்ளத்தின் இயல்பான ஓட்டத்தைத் தடுத்து, நீரைத் தேக்கிக் காய்ச்சலை வளர்த்தன என்று 1860களிலேயே வாதிட்டார் திகம்பர் மித்ரா. வங்கத்தின் பொதுச் சுகாதார இயக்குநராக இருந்த சார்லஸ் பென்ட்லி 1925ல் வெளியிட்ட தன் புத்தகத்தில் அதே வாதத்தை வலுப்படுத்தினார். அவர்கள் சொன்னது சரியென்றால், துர்கா பார்க்க ஏங்கிய ரயிலுக்கும் அவளைக் கொண்டுபோன காய்ச்சலுக்கும் தொடர்பு உண்டு. அதே ரயில்தான் அபுவை ஊரைவிட்டு வெளியே கொண்டுசெல்கிறது.

மூன்று தலைமுறைப் பயணம்

தமிழில் பையன் 'ஆளானான்' என்றால் தன் காலில் நின்றான் என்று அர்த்தம். பெண் 'ஆளானாள்' என்றால் பூப்பெய்தினாள், இனி வெளியே திரியக்கூடாது என்று அர்த்தம். ஒரே சொல் ஒருவனுக்குக் கதவைத் திறக்கிறது, ஒருத்திக்குச் சாத்துகிறது.

அப்படியானால் பெண் ஆளாகும் கதையை யார் எழுதுவது? வங்கத்தில் அதைச் செய்தவர்களில் முக்கியமானவர் ஆஷாபூர்ணா தேவி. பள்ளிக்கூடமே போகாதவர். சகோதரர்கள் பாடம் படிப்பதைப் பார்த்தே எழுத்து கற்றவர். அவருடைய 'ப்ரதம் ப்ரதிஷ்ருதி' (1964) நாயகி சத்யவதி சண்டை போட்டுப் படிக்கிறாள். ஆனால் அவள் மகளுக்கு ஒன்பது வயதில், தாய்க்குத் தெரியாமலே திருமணம் முடிந்துவிடுகிறது. அந்த மகள் 'சுவர்ணலதா' (1967), வெளியுலகைப் பார்க்க ஒரு வராந்தாவுக்காக வாழ்நாள் முழுவதும் ஏங்குகிறாள். அவள் மகள் பகுலின் கதை (1974) வரும்போதுதான் ஒரு பெண் எழுத்தாளராகிறாள். அபு ஒரே ஆயுளில் கடந்த தூரத்தை, ஒரு குடும்பத்தின் பெண்கள் கடக்க மூன்று தலைமுறை ஆனது. 1976ல் ஆஷாபூர்ணா தேவிக்கு ஞானபீட விருது கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர்.

விபூதிபூஷண் மீது குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. பெண்கள் செத்தார்கள் என்பதை அவர் மறைக்கவில்லை. அபு எங்கே போனாலும் அக்காவை மறக்கவிடவும் இல்லை.

பணமில்லாமல் படப்பிடிப்பு நின்று நின்று நடந்த 1952-55 காலத்தில், ராய்க்கு மூன்று கவலைகள் இருந்தன. அபுவாக நடித்த பையனின் குரல் உடைந்துவிடக்கூடாது, துர்காவாக நடித்த பெண் வளர்ந்துவிடக்கூடாது, இந்திராக நடித்த சுனிபாலா தேவி இறந்துவிடக்கூடாது. மூன்றும் நடக்காமல் போனதை அதிசயம் என்றே அவர் பின்னாளில் சொன்னார். சுனிபாலா அப்போது 80ஐ நெருங்கிய பழைய மேடை நடிகை. படம் வந்த 1955லேயே காலமானார்.

துர்காவாக நடித்த உமா தாஸ்குப்தா அதற்குப் பிறகு சினிமா பக்கம் போகவில்லை. படித்தார், பள்ளி ஆசிரியையானார். 2024 நவம்பரில் இறந்தபோது அவருக்கு வயது 80ஐத் தாண்டியிருந்தது. கதையில் இந்திர் வாழ்ந்ததைவிட அதிக ஆண்டுகள்.