பழைய டார்ச் விளக்கில் எல்.இ.டி. ஒளி

இரவில் வயலுக்கு நீர் பாய்ச்சச் செல்லும் விவசாயிக்கும், பொழுது சாய்ந்தபின் ஒற்றையடிப் பாதையில் வீடு திரும்பும் களப் பணியாளருக்கும் டார்ச் விளக்கு உயிர்காக்கும் சாதனமாகும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டொன்றுக்குச் சராசரியாக 58,000 பேர், மாண்டனர் என்று 2020-இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டுள்ளது. இவர்களுள் மிகப் பெரும்பாலோர் கிராமவாசிகள். ஏறத்தாழப் பாதி மரணங்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மழைக்காலத்தில் நேர்ந்தவை. இருட்டில் வெளியே செல்வோர் காலணி அணிந்து, கையில் விளக்கேந்திச் செல்லவேண்டும் என்பது பாம்புக்கடியைத் தவிர்ப்பதற்குரிய விதிகளுள் முக்கியமானது. ஆயினும், விளக்கு கையில் இருந்தால் மட்டும் போதாது. வேண்டும்பொழுது அது எரியவும் வேண்டும்.

பாட்டரிச் செலவுக்கு அஞ்சி, வீட்டிலுள்ள டார்ச்சை அவசரத்துக்கென்று ஒதுக்கி வைப்போர் பலர். இக்குறையைப் போக்கப் புதிய விளக்கு வாங்கியே தீரவேண்டும் என்பதில்லை. பழைய டார்ச்சின் கூடு, விசை, பிரதிபலிப்பான் ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, இழைப் பல்புக்குப் பதிலாக எல்.இ.டி. எனப்படும் ஒளி உமிழும் டையோடைப் பொருத்தினால், அதே பாட்டரி பல மடங்கு நேரம் ஒளி தரும். இம்மாற்றம் எளியதே எனினும், மின்னழுத்தம், மின்முனை, வெப்பம், குவியம் என்ற நான்கையும் கவனித்துச் செய்யவேண்டும்.

இழைப் பல்பும் பாட்டரியும்

சாதாரணப் பல்பினுள் மெல்லிய டங்ஸ்டன் இழை ஒன்று உள்ளது. மின்சாரம் பாயும்பொழுது அது 2,000 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறி ஒளிர்கிறது. செலவாகும் ஆற்றலில் மிகச் சிறு பகுதியே கண்ணுக்குப் புலனாகும் ஒளியாகிறது. எஞ்சியது வெப்பமாக வீணாகிறது. மேலும், மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி சுமார் 30 சதவீதம் குறைந்துவிடுகிறது. பாட்டரி சற்றே தளர்ந்ததும் டார்ச் மஞ்சளித்து மங்குவதற்குக் காரணம் இதுவே.

இரண்டு கலங்கள் கொண்ட டார்ச்சில் பொருத்தப்படும் பல்பு ஒன்று 2.4 வோல்ட், அரை ஆம்பியர் அளவினது என்று கொள்வோம். அது செலவிடும் திறன் 1.2 வாட். வாட் ஒன்றுக்குச் சுமார் 10 லூமென் வீதம் கிடைக்கும் ஒளி 12 லூமென் ஆகும். நல்ல எல்.இ.டி. ஒன்றோ வாட் ஒன்றுக்குச் சுமார் 100 லூமென் தரவல்லது. அது 3 வோல்ட் பாட்டரியிலிருந்து 100 மில்லி ஆம்பியர் மட்டும் எடுத்து, அதில் ஐந்திலொரு பங்கு இடையில் வீணானாலும், 0.24 வாட் எஞ்சும். ஒளி 24 லூமென். அதாவது, ஐந்திலொரு பங்கு மின்னோட்டத்தில் இரு மடங்கு ஒளி. துத்தநாக-கார்பன் கலத்திலிருந்து மின்சாரத்தை மெதுவாக எடுக்குந்தோறும் அது தரும் மொத்த அளவு கூடும். ஆகையால் எரியும் நேரம் ஐந்து மடங்குக்கும் அதிகமாகலாம்.

எல்.இ.டி. ஒளிரும் விதம்

எல்.இ.டி.யில் சூடேறி ஒளிரும் இழை கிடையாது. இருவகைக் குறைகடத்திகள் சந்திக்கும் இடத்தில் எலெக்ட்ரான்கள் அவற்றுக்குரிய வெற்றிடங்களை நிரப்பும்பொழுது விடுபடும் ஆற்றல் நேராக ஒளியாகிறது. கண்ணுக்குப் புலனாகும் சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி.யை 1962-இல் அமெரிக்க விஞ்ஞானி நிக் ஹோலன்யாக் செய்து காட்டினார். ஆயின் நீல ஒளி கிட்டாதவரை வெண்மை ஒளிக்கு வழியில்லை. கேலியம் நைட்ரைடைக் கொண்டு அத்தடையை வென்ற இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகாமுரா ஆகிய மூவருக்கும் 2014-ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு வழங்கப்பட்டது. வெள்ளை எல்.இ.டி.யில் நீல ஒளியின் ஒரு பகுதியை மேலே பூசப்பட்ட ஒளிர்பொருள் மஞ்சளாக மாற்றுகிறது. இரண்டும் கலந்து கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றுகின்றன.

மாற்றும் முறை

முதலில் டார்ச்சில் எத்தனை கலங்கள் உள்ளன, பல்பின் அடிப்பகுதி திருகு உடையதா, வளையம் உடையதா என்று பார்க்கவேண்டும். அதே அடிப்பகுதி கொண்டதும், கலங்களின் மொத்த வோல்ட் அளவுக்கு ஏற்றதெனக் குறிக்கப்பட்டதுமான எல்.இ.டி. பல்பையே வாங்கவேண்டும்.

வெள்ளை எல்.இ.டி.க்கு 3 முதல் 3.4 வோல்ட் வரை தேவை. இரண்டு புதிய கலங்கள் சேர்ந்து தருவதோ 3 வோல்ட். அதுவும் விரைவில் குறையும். எனவே இரண்டு கல டார்ச்சுக்கு, மின்னழுத்தத்தை உயர்த்தும் சிறு சுற்று உள்ளடங்கிய பல்பே ஏற்றது. அச்சுற்று ஒரு கம்பிச் சுருளில் ஆற்றலைச் சேமித்து, வினாடிக்குப் பல்லாயிரம் முறை உயர்ந்த அழுத்தத்தில் வெளியிடுகிறது. இழைப் பல்புக்குப் போதாதெனத் தள்ளப்பட்ட கலங்களும் இதில் சில மணி நேரம் பயன்படக்கூடும்.

மூன்று கல டார்ச்சாயின் பணி இன்னும் எளிது. 4.5 வோல்ட்டில் எல்.இ.டி.க்கு 3.2 வோல்ட் போக எஞ்சும் 1.3 வோல்ட்டை ஒரு மின்தடை தாங்கவேண்டும். 5 மில்லிமீட்டர் எல்.இ.டி. ஒன்றுக்கு ஏற்ற மின்னோட்டம் 20 மில்லி ஆம்பியர். 1.3-ஐ 0.02-ஆல் வகுத்தால் 65 ஓம். கடையில் கிடைக்கும் 68 ஓம் மின்தடை போதும். நான்கு எல்.இ.டி.களை வைப்பதாயின் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மின்தடை வேண்டும். மின்தடையின்றி நேராக இணைத்தால் மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் பெருகி எல்.இ.டி. கெட்டுவிடும்.

அடுத்தது மின்முனை. இழைப் பல்பில் மின்சாரம் எத்திசையிலும் பாயலாம், எல்.இ.டி. ஒரு திசையில் மட்டுமே மின்சாரத்தைச் செலுத்தும். பொருத்தியதும் விளக்கு எரியாவிடில், பல்பு பழுதென்று எறிந்துவிடாமல், கலங்களைத் திருப்பி வைத்துப் பார்க்கவேண்டும். அதன்பின்னும் எரியாவிடில், சுருள்வில்லிலும் விசையின் தொடுமுனைகளிலும் படிந்த துருவை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து நீக்கவேண்டும். டார்ச்சுகள் எரியாமைக்குப் பல வேளைகளில் இத்துருவே காரணம்.

மூன்றாவது வெப்பம். எல்.இ.டி.யின் ஒளிக்கற்றை சுடாது என்பதைக் கொண்டு அதில் வெப்பமே உண்டாவதில்லை என எண்ணிவிடக்கூடாது. வெப்பம் அதன் பின்புறமாக வெளியேறுகிறது. அது வெளியேற வழியில்லாவிடில் ஒளி குன்றும், ஆயுளும் குறையும். ஒரு வாட்டும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு உலோகக் கூடு அவசியம். பிளாஸ்டிக் டார்ச்சில் குறைந்த திறனுள்ளதைப் பொருத்துவதே நன்று. மாற்றிய விளக்கைக் கால் மணி நேரம் எரியவிட்டு, தலைப்பகுதியைத் தொட்டுப் பார்க்கவேண்டும். கை பொறுக்காத சூடு இருந்தால் அந்தப் பல்பு அந்தக் கூட்டுக்கு ஏற்றதன்று.

ஒளிக்கற்றையின் வடிவம்

இழை, ஏறத்தாழ எல்லாத் திசைகளிலும் ஒளியை வீசுகிறது. அதன் பெரும்பகுதி பிரதிபலிப்பானில் பட்டு நீண்ட கற்றையாகிறது. எல்.இ.டி.யோ முன்பக்கமே ஒளி வீசுகிறது. அதில் ஒரு பகுதி பிரதிபலிப்பானைத் தொடாமலே வெளியே பரவும். ஆகையால் மாற்றிய டார்ச்சில், தொலைவிலுள்ளதைக் காட்டும் கூர்மை குறைந்து, அருகில் பரவும் ஒளி மிகலாம். நடப்பவரின் காலடியைச் சுற்றியுள்ள தரையைக் காண இது நன்மையே. தொலைவில் ஒளி வேண்டுவோர், தலைப்பகுதியைத் திருகி எல்.இ.டி.யைப் பிரதிபலிப்பானின் குவியத்துக்கு இயன்றவரை அருகே கொண்டுவரவேண்டும்.

எச்சரிக்கை

பழைய டார்ச்சில் ஒரு நற்குணம் இருந்தது: தீரும் முன் மங்கி அறிவித்தது. அழுத்தம் உயர்த்தும் சுற்றுடைய எல்.இ.டி.யோ பெரும்பாலும் கடைசிவரை பிரகாசமாக எரிந்து, பின் விரைவில் அணைந்துவிடும். நடுவழியில் இது நேர்ந்தால் விளைவு பொல்லாதது. எனவே இரவில் செல்வோர் உதிரிக் கலங்களை உடன் வைத்திருக்கவேண்டும். தீர்ந்த கலங்களை உள்ளேயே விட்டால், அவற்றின் துத்தநாக உறை அரிக்கப்பட்டு இரசாயனம் கசிந்து கூட்டைக் கெடுக்கும். புதிய கலத்தையும் பழையதையும் கலந்து போடலாகாது. 1.5 வோல்ட் கலத்துக்குரிய இடத்தில் 3.7 வோல்ட் லித்தியம் கலத்தைச் செருகுவதும் கூடாது.

வகுப்பறையில்

ஆசிரியர்கள் இதனை நல்லதொரு பாடமாக்கலாம். டார்ச்சின் பின்மூடியைக் கழற்றி, கடைசிக் கலத்தின் அடிக்கும் உலோகக் கூட்டுக்கும் இடையே ஆம்பியர் அளவியை இணைத்தால், பழைய பல்பும் புதியதும் எடுக்கும் மின்னோட்டத்தை மாணவர்களே ஒப்பிடலாம். பழைய குறுந்தகட்டில் இரு ஒளிகளையும் பட்டுத் திரும்பச் செய்தால், இழை ஒளி சிவப்பு மிகுந்த தொடர் நிறமாலையாகவும், எல்.இ.டி. ஒளி பளிச்சிடும் நீலப் பட்டையும் அதனை அடுத்து அகன்ற பச்சை-மஞ்சள் பகுதியும் கொண்டதாகவும் தோன்றும். எல்.இ.டி.யை நேராக உற்றுப் பார்க்கலாகாது என்பதை முன்னரே சொல்லிவிடவேண்டும்.

மழைக்காலத்துக்கு முன், மே மாத விடுமுறையிலோ பள்ளி திறந்தவுடனோ, ஒரு நாளை டார்ச் சோதனைக்கு ஒதுக்குவது பயனுடையது. மாணவர்கள் வீட்டிலுள்ள டார்ச்சுகளைக் கொண்டுவந்து, துரு நீக்கி, கலங்களைச் சோதித்து, இயன்றவற்றில் பல்பை மாற்றிக்கொள்ளலாம். களப் பணியாளர் தம் கிராமங்களில் இதற்குத் துணைபுரியலாம். செலவு மிகச் சிறிது. பாட்டரி தீர்ந்துவிடுமே என்று விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் நடக்கும் வழக்கம் ஒழிந்தால், அதுவே இம்முயற்சியின் பெரும் பயனாகும்.