புகுந்த வீடு போகும்வரை...

ஐப்பசி, கார்த்திகை அடைமழை வந்தால் தஞ்சாவூர்ப் பக்கம் இரண்டு காட்சிகளைத் தவறாமல் பார்க்கலாம். சம்பா வயலில் தண்ணீர் நிற்கும். வாய்க்கால் மதகு ஓரத்திலும் மூடிக் கிடக்கும் கடை வாசலிலும் நாய்க்குட்டிகள் நடுங்கிக்கொண்டு கிடக்கும். 'பெட்டை வளர்த்தா வருஷா வருஷம் குட்டி போடும்' என்று, பெட்டைக் குட்டியாகப் பார்த்துச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து விடுகிறவர்களும் உண்டு. பைரவர் வாகனம் என்று கும்பிடுகிற கைதான் இதையும் செய்கிறது!

"பாவமாத்தான் இருக்கு டாக்டர். ஆனா ஆயுசுக்கும் வச்சுக் காப்பாத்த முடியாதே!" என்பார்கள். ஆயுசுக்கும் வேண்டாம். இரண்டு, மூன்று மாதம் போதும். குட்டியைத் தேற்றி, ஊசி போட்டு, மனுஷர்களோடு பழக்கி, நல்ல இடமாகப் பார்த்து அனுப்பி வைக்க வேண்டும். அவ்வளவுதான். நம்முடையது பிறந்த வீடு. நிரந்தரமாக வளர்க்கப் போகிறவருடையது புகுந்த வீடு.

சென்னையில் 'புளூ கிராஸ்' உருவானதே இப்படித்தான். 1959-ல் மழைத் தண்ணீரில் தத்தளித்த இரண்டு குட்டிகளைக் கேப்டன் வி.சுந்தரம் என்ற விமானி வீட்டுக்குத் தூக்கி வந்ததில் ஆரம்பித்த கதை அது.

வீடு எதற்கு?

பிறந்து மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை குட்டி பழகுவதுதான் அதன் குணமாக நிலைக்கிறது. மிக்ஸி சத்தம், காலிங் பெல், குழந்தையின் அழுகை எல்லாம் அப்போதே பழக வேண்டும். பழகாத குட்டி, வளர்ந்ததும் பயத்திலேயே கடிக்கும். அதோடு, நெரிசலான காப்பகத்தில் 'பார்வோ' வைரஸ் ஒரு குட்டிக்கு வந்தால் மற்றவற்றுக்கும் சுலபமாகத் தொற்றிவிடும். வாந்தி, ரத்தபேதி என்று இரண்டு நாளில் உயிரை எடுக்கிற நோய் இது.

முதல் நாள் வேலை

முதலில் கால்நடை மருத்துவர், அப்புறம்தான் மற்றதெல்லாம். நம் மாவட்டத்தில் ஒரத்தநாட்டிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குடற்புழு மருந்து, உண்ணிக்கு மருந்து, ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி... இவற்றை ஓர் அட்டையில் எழுதி வாங்கி வையுங்கள். புகுந்த வீட்டுக்குச் சீர்வரிசையே அந்த அட்டைதான்!

வீட்டில் வேறு நாய் இருந்தால், இரண்டு வாரம் குட்டிக்குத் தனி இடம், தனித் தட்டு. முன்பு பார்வோ வந்த வீடு என்றால், தடுப்பூசி முடியாத குட்டியை அங்கே கொண்டு போகாதீர்கள். அந்த வைரஸ் மாதக்கணக்கில் தரையிலும் மண்ணிலும் உயிரோடு இருக்கும்.

என்ன கொடுக்கலாம்?

கண் திறக்காத குட்டிக்குப் பசும்பால் போதாது. தாய் நாயின் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப்போல இரண்டு மடங்குக்கு மேல் உண்டு. குட்டிகளுக்கென்றே விற்கும் பால் பவுடரை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

ஒரு மாதம் தாண்டினால் குழைந்த சாதத்தோடு வேகவைத்த முட்டை அல்லது கோழி சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம். நம் ஊரில் மீந்த சாம்பார் சாதத்தை வைத்துவிடுவார்கள். வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். சாக்லேட்டும் திராட்சையும்கூட விஷம்தான். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுப்பதும், சொறிக்கு வண்டியின் பழைய ஆயிலைத் தடவுவதும் ஆபத்து. நக்கினால் அப்படியே வயிற்றுக்குள் போகும்.

"டாக்டர், பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாதே?"

நியாயமான கேள்வி. குடற்புழு, சொறி, படர்தாமரை ஆகியவை நாயிடமிருந்து தொற்றலாம். வயல் எலிகள் நிறைந்த நம் டெல்டாவில் எலிக்காய்ச்சலும் நாயின் சிறுநீர் வழியாக வரக்கூடும். கழிவை அள்ளும்போது கையுறை, தொட்ட பிறகு சோப்பு, படுக்கையில் இடமில்லை. இந்த மூன்றையும் கறாராகக் கடைப்பிடியுங்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரர், கர்ப்பிணி, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் இருந்தால் அவர்களுடைய மருத்துவரைக் கேட்காமல் குட்டியைக் கொண்டு வராதீர்கள்.

சித்த மருத்துவனாக ஒரு வார்த்தை

"குட்டிதானே, பால் பல்லு பட்டா என்ன?" என்று அலட்சியம் வேண்டாம். குட்டிக்கும் வெறிநோய் இருக்கலாம். கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, மஞ்சள் எதுவும் வைக்காதீர்கள். உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசியைத் தொடங்குங்கள். தோலுக்குள் போடும் முறையில் அன்றே ஒன்று, பிறகு 3, 7, 28-ம் நாட்களில். ஒரு தவணையும் விடக்கூடாது. காயம் ஆழம் என்றால் 'இம்யூனோகுளோபுலின்' மருந்தும் தேவை.

என்னிடம் பச்சிலை கேட்டு வருகிறவர்கள் இன்றும் உண்டு. மூலிகையைப் படித்து, அதை நம்பித் தொழில் செய்கிறவன் நான். ஆனாலும் சொல்கிறேன்: வெறிநோய்க்கு அறிகுறி வந்துவிட்டால் எந்த வைத்தியத்தாலும் காப்பாற்றுவது அரிது. வருவதற்கு முன்பே தடுப்பது ஊசி ஒன்றுதான். அடிக்கடி குட்டிகளை எடுத்து வளர்ப்பவர்கள், கடிபடும் முன்பே போட்டுக்கொள்ளும் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

இடம் பார்க்கும்போது...

* பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? வாடகை வீடானால் ஓனர் சம்மதித்தாரா?

* வீட்டில் பெரியவர்களுக்கு மனப்பூர்வமான சம்மதமா? பையனின் பிறந்த நாள் பரிசு என்றால் யோசியுங்கள்.

* பெட்டைக் குட்டி என்றால், உரிய வயதில் கருத்தடை ஆபரேஷன் செய்வதாக உறுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் அதே மதகில் அதன் குட்டிகள்!

* 'சரிப்படலைன்னா எங்ககிட்டயே கொண்டாங்க, தெருவுல விட்டுடாதீங்க' என்று சொல்லி அனுப்புங்கள். தத்தெடுத்த தெரு நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது தத்தெடுத்தவர் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22-ல் சொல்லியிருக்கிறது.

அனுப்புகிற அன்று குழந்தைகள் அழும். நமக்கும் தொண்டை அடைக்கும். 'நாமளே வச்சுக்கலாமே' என்று தோன்றும். முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. முடியாவிட்டால் மனசைத் தேற்றிக்கொண்டு அனுப்புங்கள். அது படுத்த சாக்கை நன்றாகத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். இன்னொரு குட்டிக்கு அது தேவைப்படும்.