பழவந்தாங்கலுக்கு முந்தின ஸ்டேஷன் எது?

தாம்பரத்தில் வளர்ந்து நாற்பதைத் தாண்டிய யாரிடமாவது இதைக் கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வராது. "பீச், கோட்டை, பார்க், எழும்பூர், சேத்துப்பட்டு" என்று வாய்க்குள்ளேயே ரயிலை ஓட்டி, கிண்டியைத் தாண்டிய பிறகுதான் "பரங்கிமலை" என்பார். பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடிய மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004-ல் நின்றுபோனது. ஆனால் அதன் ஜன்னலோரத்தில் மனப்பாடமான 18 நிலையங்களும் வரிசை பிசகாமல் இருக்கின்றன.

அவருக்கு இன்னும் நிறைய நினைவிருக்கும். நிர்மா விளம்பரத்தின் மெட்டு, வெள்ளிக்கிழமை மாலையின் 'ஒலியும் ஒளியும்', மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டில் அச்சிட்டிருந்த உயரமும் எடையும். பத்தாம் வகுப்பில் படித்த வேதியியல் சமன்பாடுகள் மட்டும் நினைவில் இருக்காது. இது ஏன்?

இடைவெளி விட்டு, பல முறை

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. 1980-களில் குரோம்பேட்டையானாலும் சேலையூரானாலும் ஆன்டெனாவில் வந்தது தூர்தர்ஷன்தான். தெருவிலிருந்த எல்லாப் பிள்ளைகளும் அதே விளம்பரத்தை வாரம் தவறாமல், ஆண்டுக்கணக்கில் பார்த்தார்கள்.

நினைவு வேரூன்றுவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஒரே மூச்சில் படிப்பதைவிட, இடைவெளி விட்டுப் பல நாள் படிப்பது நிலைக்கும் என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே எழுதினார். தேர்வுக்கு முந்தின இரவு விழுங்கிய பாடம் ஒரு வாரத்தில் கரைகிறது. ஐந்து வருடம் சொட்டுச் சொட்டாக விழுந்த விளம்பரம் தங்கிவிடுகிறது.

எவ்வளவு காலம் தங்கும்? அமெரிக்க உளவியலாளர் ஹாரி பாரிக், பள்ளி, கல்லூரியில் ஸ்பானிய மொழி படித்த 733 பேரைச் சோதித்து 1984-ல் முடிவுகளை வெளியிட்டார். முதல் சில ஆண்டுகளில் நிறைய மறந்துபோகிறது. அதைத் தாண்டி எஞ்சியது, பல பத்தாண்டுகள் அப்படியே இருக்கிறது. எத்தனை காலம் படித்தார்கள், எவ்வளவு நன்றாகக் கற்றார்கள் என்பதைப் பொறுத்தே அந்த மிச்சம் அமைந்தது. நிலையங்களின் வரிசையும் அந்த நிரந்தரக் கிடங்குக்குப் போய்விட்ட சரக்குதான்.

மெட்டு என்னும் கயிறு

பேசிக் காட்டிய வரிகளைவிட எளிய மெட்டில் திரும்பத் திரும்பக் கேட்ட வரிகள் நன்றாக நினைவில் நிற்பதை ஆய்வாளர் வாண்டா வாலஸ் 1994-ல் சோதனையில் காட்டினார். நம்மவர்களுக்கு இது பழகிய வித்தை. ஓலையும் எழுத்தாணியும் அரிதாக இருந்த காலத்தில் எதுகையும் மோனையும்தான் செய்யுளைக் கட்டிக் காத்தன. அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டுக்கு அடியெடுத்துக் கொடுக்கும். வாய்ப்பாட்டையும் ராகம் போட்டுத்தான் சொன்னோம்.

பழவந்தாங்கல் கேள்விக்கு முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வரவேண்டியிருப்பதும் இதனால்தான். ஒவ்வொரு பெயரும் அடுத்ததை இழுத்து வருகிறது. நடுவில் பிடித்து இழுத்தால் கயிறு வராது.

பொய்யும் தங்கும்

நினைவு உண்மையைச் சோதித்து உள்ளே விடுவதில்லை. மல்யுத்த வீரர் அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று 1990-களில் பிள்ளைகள் சத்தியம் செய்தார்கள். 1996-ல் வந்த அக்ஷய் குமாரின் இந்திப் படத்தில் அவரோடு மோதியது நிஜ அண்டர்டேக்கர் என்றும் நம்பினார்கள். நடித்தவர் பிரையன் லீ என்ற வேறொரு மல்யுத்த வீரர். பலமுறை கேட்டதை உண்மை என்று நம்பும் போக்கை 1977-லேயே ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வாட்ஸ்அப் வதந்தி நிற்பதும் இதே பலத்தில்தான்.

உதவாதது என்று சொல்லலாமா?

"இதெல்லாம் ஞாபகம் இருக்கு, பாடம் மட்டும் ஏறாதா?" என்று திட்டு வாங்காத பிள்ளை அரிது. அந்தத் திட்டு தவறானது. டிரம்ப் கார்டு எண்களை ஒப்பிக்கும் பிள்ளைக்கு நினைவாற்றலில் எந்தக் குறையும் இல்லை. கார்டுக்குக் கிடைத்தவை பாடத்துக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அது பலமுறை கைக்கு வந்தது, நண்பர்களோடு வந்தது, ஆட்டத்தின் சுவாரசியத்தோடு வந்தது. ஒரு பாடத்தை நாலு வாரத்துக்குப் பிரித்துக் கொடுத்து, பிள்ளைகள் ஒருவரையொருவர் கேள்வி கேட்க விட்டுப் பாருங்கள்.

வீட்டில் முதியவர்கள் இருந்தால் இப்படிப்பட்ட நினைவுகளால் இன்னொரு பயனும் உண்டு. பத்து முதல் முப்பது வயதுக்குள் நடந்தவையே முதுமையில் அதிகம் நினைவுக்கு வருகின்றன. மறதி நோயில் நேற்றைய பேச்சு மறைந்த பிறகும், இளமையில் கேட்ட பாட்டு பலருக்கு மிஞ்சியிருக்கிறது. "சாப்பிட்டீங்களா?" என்ற கேள்விக்குத் தடுமாறும் தாத்தாவிடம், அவர் தினமும் போய்வந்த ரயிலைப் பற்றிக் கேளுங்கள். பீச்சிலிருந்து தொடங்கி அவர் தாம்பரம் வந்து சேரும்வரை கூடவே உட்கார்ந்திருங்கள்.