எஸ்பிட்எக்ஸ் (அமெச்சூர் வானொலிக் கருவி)

எஸ்பிட்எக்ஸ் என்பது அமெச்சூர் வானொலியாளர்கள் தாமே கட்டிப் பயன்படுத்தத்தக்க ஒரு மென்பொருள் வானொலி ஆகும். அலைகளைப் பரப்புதல், ஏற்றல் ஆகிய இரு பணிகளையும் ஒரே கருவி செய்வதால் இது டிரான்சீவர் எனப்படும் வகையைச் சேர்ந்தது. ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் (அழைப்புக்குறி: வியூ2ஈஎஸ்ஈ) இதனை வடிவமைத்து 2022இல் வெளியிட்டார். இதன் சுற்றுப்படமும் மூலநிரலும் எவரும் படித்து மாற்றிக்கொள்ளும்படி திறந்து வைக்கப்பட்டுள்ளன.

முன்னோடிகள்

வெளிநாட்டு வானொலிக் கருவிகளின் விலை இந்திய மாணவர்களுக்கு எட்டாததாகவே இருந்து வந்துள்ளது. 2000களின் முதற்பாதியில் ஃபர்ஹான் வெளியிட்ட பிட்எக்ஸ்20 இக்குறையைத் தீர்க்க முயன்றது. இது 14 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஏறத்தாழ 6 வாட் திறனுடன் இயங்கும். இதற்கு அரிய பாகங்கள் எவையும் தேவைப்படவில்லை. தொலைக்காட்சி ஆன்டெனா இணைப்பிலுள்ள ஃபெரைட் துண்டுகள் மின்மாற்றிகளாயின. தண்ணீர்க் குழாயின் வாஷர் கம்பிச்சுருளுக்குச் சட்டமாயிற்று. பரப்பும்போதும் ஏற்கும்போதும் பெரும்பாலும் அதே பாகங்களே இரு திசையிலும் வேலை செய்ததால் செலவும் குறைந்தது.

2017 இறுதியில் 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் மைக்ரோபிட்எக்ஸ் வந்தது. அதன் தொடக்கப் பதிப்புகள் விரும்பத்தகாத அலைகளையும் சேர்த்துப் பரப்புவதைப் பயனர்களே அளந்து கண்டறிந்தனர். அடுத்த பதிப்பில் அது திருத்தப்பட்டது. சுற்றுப்படம் மறைக்கப்பட்டிருந்தால் இத்திருத்தம் இவ்வளவு எளிதாக நிகழ்ந்திராது.

செயற்படும் முறை

குரலை அனுப்ப அமெச்சூர்கள் பெரிதும் பயன்படுத்தும் ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் ஒரு நிலையத்துக்குச் சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் அகலமே போதும். பழைய கருவிகளில் இந்த அகலத்தைப் படிக வடிகட்டி வெட்டித் தரும். அகலத்தை மாற்ற வேண்டுமாயின் படிகங்களையே மாற்ற வேண்டும். எஸ்பிட்எக்ஸிலும் படிக வடிகட்டி உண்டு. ஆனால் அது ஏறத்தாழ 25 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பல நிலையங்களை ஒன்றாகவே உள்ளே விடுகிறது. அந்த அலைத்தொகுதி ஒலிச்சில்லு ஒன்றினால் நொடிக்கு 96,000 முறை அளக்கப்பட்டு, எண்களாக ராஸ்பெரி பை கணினியைச் சென்றடைகிறது.

கணினி ஒவ்வொரு முறையும் 2048 அளவுகளை எடுத்து ஃபூரியே உருமாற்றம் செய்கிறது. அதனால் அலைத்தொகுதி ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸ் இடைவெளியுள்ள சிறு கூறுகளாகப் பிரிகிறது. நாம் கேட்க விரும்பும் நிலையத்துக்குரிய அறுபதுக்கும் சற்று மேற்பட்ட கூறுகளை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றைச் சுழியாக்கி, மீண்டும் ஒலியாக மாற்றினால் குரல் கேட்கும். வடிகட்டியின் அகலம் இப்போது நிரலிலுள்ள வெறும் எண். பரப்பும்போது இதே படிகள் தலைகீழாக நிகழ்கின்றன.

அப்படியானால் ஆன்டெனாவிலிருந்தே நேராக எண்களாக்கிவிட்டால் என்ன என்ற கேள்வி எழலாம். அதற்குத் தேவையான அதிவேக மாற்றிகள் விலை மிகுந்தவை. மலிவான ஒலிச்சில்லோ, அருகிலுள்ள வலிமையான நிலையம் ஒன்றினாலேயே திக்குமுக்காடி, மெல்லிய குரலைத் தவறவிடும். படிக வடிகட்டி முன்னின்று காப்பது இதற்காகவே. எல்லாம் மென்பொருளே என்னும் தூய கொள்கைக்கு இது பொருந்தாதுதான். எனினும் மாணவரின் கைக்காசுக்குப் பொருந்துகிறது.

கட்டுவோர் கவனிக்க வேண்டியவை

இறுதிப் பெருக்கியையும் அதற்குப் பின் அமையும் தாழ்பட்டை வடிகட்டிகளையும் மென்பொருளால் ஈடுசெய்ய இயலாது. அவை பழுதானால் 7 மெகாஹெர்ட்ஸில் பேசும்போது 14, 21 மெகாஹெர்ட்ஸிலும் அலைகள் கசிந்து பிறருக்கு இடையூறாகும். எனவே முதற் சோதனையை ஆன்டெனாவுக்குப் பதிலாக 50 ஓம் சுமைத்தடையை இணைத்துச் செய்வதே முறை. மேலும், இந்தியாவில் உரிமம் இல்லாமல் பரப்புவது சட்டப்படி குற்றமாகும். பன்னிரண்டு வயது நிறைந்தவர்கள் உரிமத் தேர்வு எழுதலாம்.

பல்லடம், பொங்கலூர் போன்று ஆலைகளும் தறிகளும் நிறைந்த பகுதிகளில் வேறொரு சிக்கல் எழக்கூடும். மோட்டார்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவிகள் சிற்றலைப் பட்டைகளில் இரைச்சலை உண்டாக்குகின்றன. மென்பொருளால் இதனை ஓரளவே குறைக்க முடியும். மின்தடையின்போது கருவியை 12 வோல்ட் மின்கலத்தில் இயக்கிக் கேட்டால், இரைச்சல் அக்கம்பக்கத்து மின்கருவிகளிலிருந்து வருகிறதா, கருவிக்குள்ளேயே எழுகிறதா என்பது தெரிந்துவிடும்.