இறுவட்டைக் குறை சொல்லுமுன்...

உம்மாவின் நிக்காஹ் 2005இல் புத்தளத்தில் நடந்தது. 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எருக்கலம்பிட்டியிலிருந்து போன குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அன்று விட்டுப்போன அல்பங்கள் திரும்பக் கிடைக்கவில்லை. நான் பிறக்குமுன்னரே மௌத்தாகிவிட்ட உம்மாவின் வாப்பாவுடைய குரல், அந்தக் கலியாண டிவிடியில் மட்டுமே இருக்கிறது. வலியாக அமர்ந்து உம்மாவை நிக்காஹ் செய்து கொடுக்கும் குரல் அது.

சென்ற பெருநாள் விடுமுறையில் உம்மும்மா அதைப் பார்க்க ஆசைப்பட்டார். மேசைக் கணினியில் போட்டேன். மீடியா பிளேயர் வட்டைக் கண்டுகொள்ளவே இல்லை. "டிஸ்க் பழுதாப் போச்சு போல" என்றார் வாப்பா. உம்மும்மா ஒன்றும் பேசவில்லை.

ஒரு வட்டு திரையில் ஓடுவதற்கு மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். கணினி டிரைவை அறிய வேண்டும். டிரைவ் வட்டை வாசிக்க வேண்டும். பிளேயர் அதிலுள்ள வீடியோவைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த வரிசையிலேயே பழுதைத் தேட வேண்டும்.

முதலில் டிரைவ். 'திஸ் பிசி'யைத் திறந்தேன். டிவிடி டிரைவின் படமே அங்கில்லை. ஆனால் பொத்தானை அழுத்தினால் தட்டு வெளியே வந்தது. தட்டு வருகிறதென்றால் மின்சாரம் கிடைக்கிறது என்று மட்டுமே பொருள். தகவல் செல்லும் வயர் வேறு. கணினியை நிறுத்தி, பிளக்கையும் கழற்றிவிட்டு, வாப்பாவின் உதவியோடு பக்கத்து மூடியைத் திறந்தேன். அந்த வயர் தளர்ந்திருந்தது. இறுக்கிச் செருகியதும் டிரைவ் தோன்றியது. வயர் சரியாக இருந்தும் தோன்றாவிட்டால், 'டிவைஸ் மேனேஜர்' பட்டியலில் டிரைவை நீக்கிவிட்டுக் கணினியை மீண்டும் இயக்கிப் பார்க்கலாம்.

அடுத்தது வட்டு. இப்போது டிரைவ் சுழன்று சுழன்று நின்றது. வேறொரு டிவிடியைப் போட்டேன், வாசித்தது. ஆகவே குறை எங்கள் வட்டில்தான். இப்படிச் சோதிக்கும்போது டிவிடிக்கு டிவிடியையே போட வேண்டும். சீடியை வாசிக்க 780 நனோமீற்றர் லேசரும், டிவிடியை வாசிக்க 650 நனோமீற்றர் லேசரும் பயன்படுவதால், ஒன்று ஓடினால் மற்றதும் ஓடும் என்று சொல்ல முடியாது.

மென்மையான துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கக் கூடாது. தகவல் சுருள் பாதையில் பதிந்திருக்கிறது. பாதை நெடுகக் கீறல் விழுந்தால் தொடர்ச்சியான தகவல் அழியும். குறுக்கே விழும் சிறு கீறலை டிரைவே திருத்தி வாசித்துவிடும்.

கடைசியாகப் பிளேயர். கோப்புகள் தெரிந்தன, ஆனாலும் மீடியா பிளேயர் ஓட்டவில்லை. அது வட்டின் குற்றமல்ல. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், டிவிடி வீடியோவை ஓட்டும் வசதியை விண்டோஸ் தன்னோடு சேர்த்துத் தருவதில்லை. எங்கள் கணினியில் இருப்பது விண்டோஸ் 10. வி.எல்.சி. பிளேயரை இலவசமாக இறக்கி, 'மீடியா' பகுதியில் 'ஓப்பன் டிஸ்க்' கொடுத்தேன். பாரிஸில் 1996இல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய மென்பொருள் அது.

படம் வந்தது. உம்மும்மா கதிரையை இழுத்துத் திரைக்கு அருகே போட்டுக்கொண்டார். அந்தக் குரல் வந்தபோது, "இன்னொருக்காப் போடு மகள்" என்றார்.

அன்றிரவே 'வீடியோ_டிஎஸ்' கோப்புறையை முழுதாகக் கணினியிலும் ஒரு பென்டிரைவிலும் பிரதி எடுத்தேன். கடையில் பதிந்து தந்த வட்டுகளில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப்படை. வெயிலும் வெப்பமும் ஈரமும் அதைக் கெடுக்கும். இன்று வாசிக்கும் வட்டு நாளை வாசிக்கும் என்பது நிச்சயமில்லை.

பெற்றோர்களே, தோழிகளே, உங்கள் அலுமாரியிலும் இப்படியொரு வட்டு இருக்கலாம். வீசிவிடாதீர்கள், இந்த மூன்று படிகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.